ரோமிங்கில் வந்த வேலி

குவாங்சோவின் பாய்யுன் விமான நிலையத்தில், 2018 ஏப்ரல் மாதத்து நள்ளிரவு ஒன்றில் இறங்கியதும் நான் செய்த முதல் வேலை, அங்கிருந்த இலவச வைஃபையில் போனை இணைத்து, "வந்து சேர்ந்துவிட்டேன்" என்று வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பியதுதான். அந்த வரியின் ஓரத்தில் சின்னக் கடிகாரக் குறி தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. போனை அணைத்துப் போட்டேன். விடுதிக்கு வந்ததும், வரவேற்பு மேசையில் இருந்த பையனிடம் வைஃபை கடவுச்சொல்லை இரண்டாம் முறை எழுதி வாங்கினேன். வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத போன் அது. விற்ற கடைக்காரரை மனத்துக்குள் ஏசிக்கொண்டே தூங்கிப்போனேன்.

பம்ப் செட்டுகளில் நீர் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீல் வாங்கி விற்பது என் தொழில். கோவையில் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு, குவாங்சோவில் நடக்கும் கான்டன் வணிகக் கண்காட்சி என்பது ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் வட்டமிட்டு வைக்கும் காரியம். 1957 முதல் ஆண்டுக்கு இருமுறை நடந்துவரும் அந்தக் கண்காட்சியில், இயந்திரங்கள் இடம்பெறும் முதல் கட்டம் அந்த ஆண்டு ஏப்ரல் 15 அன்று தொடங்கியது. என்னுடன் வந்திருந்த பீளமேட்டுக்காரர் ஒருவர் அதற்கு முன்பு பலமுறை அங்கே போய்வந்தவர். வயதில் மூத்தவர் என்பதால் அண்ணன் என்றுதான் அழைப்பேன். காலை உணவின்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "தம்பி, போன் நல்லாத்தான் இருக்குது. இந்த ஊர்ல அது ஓடாது. வேற வழி வேணும்னா நம்ம ஊர்லயே போட்டுட்டு வந்திருக்கோணும்."

சீனாவில் கூகுள் கிடையாது என்பது எனக்குத் தெரியாத செய்தியன்று. செய்தியாக அறிந்திருப்பதற்கும், முகவரியைச் சீன மொழியில் எழுதி வாங்காமல், வழிகாட்டும் வரைபடமும் இல்லாமல் ஒரு கோடிக்கும் அதிகமானோர் வாழும் நகரத்தின் தெருமுனையில் நிற்பதற்கும் இடையே உள்ள தொலைவைத்தான் அன்று அறிந்தேன். யூடியூப் 2009 மார்ச்சில் அடைபட்டது. அதே ஆண்டு ஜூலையில் உரும்ச்சி நகரில் கலவரம் வெடித்தபோது ஃபேஸ்புக் போனது. அந்த நகரம் அமைந்த ஷின்ஜியாங் தன்னாட்சிப் பகுதி முழுவதுமே ஏறத்தாழ பத்து மாதம் இணையம் இல்லாமல் கிடந்தது. தேடல் முடிவுகளைத் தணிக்கை செய்து தருவதற்கு இனி உடன்பட மாட்டோம் என்று சொல்லி, 2010 மார்ச்சில் கூகுள் தன் சீனத் தேடல் சேவையை ஹாங்காங்குக்கு மாற்றிக்கொண்டது. ஜிமெயில் 2014 இறுதியில் முற்றாக நின்றது. என் கடிகாரக் குறிக்குக் காரணமான வாட்ஸ்அப் தடை, நான் போய் இறங்குவதற்கு ஏழு மாதம் முன்பு, 2017 செப்டம்பரில் முழுமை பெற்றிருந்தது.

அந்தப் பட்டியலைவிட என்னை அதிகம் வியக்கவைத்தது, இணையப் பெருஞ்சுவர் என்று பெயர் பெற்ற அந்தத் தடை தன்னைத் தடை என்று காட்டிக்கொள்ளாத விதம். நம் நாட்டில் முடக்கப்பட்ட தளம் ஒன்றைத் திறந்தால், அரசின் உத்தரவுப்படி இது முடக்கப்பட்டுள்ளது என்ற ஓர் அறிவிப்பாவது பல சமயம் திரையில் வரும். ஏன், யார் கேட்டு, எப்போது என்பதெல்லாம் தெரியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் 2009-இல் வகுக்கப்பட்ட விதிகளில் 16-ஆவது விதி அவற்றை மறைபொருளாக வைத்திருக்கச் சொல்கிறது. ஆயினும் பூட்டு இருப்பதாவது கண்ணுக்குத் தெரியும். குவாங்சோவில் பூட்டே தெரியவில்லை. பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று வரும். சிக்னல் இல்லையோ, விடுதி வைஃபைதான் மட்டமோ, போன் பழுதோ என்று நம்மையே நாம் சந்தேகிப்போம். விற்றவரை ஏசிய அந்த இரவில், அந்தச் சுவர் எதை எதிர்பார்த்துக் கட்டப்பட்டதோ அதையேதான் நான் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அது வேலை செய்யும் முறையைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு தளத்தின் பெயரை நாம் தட்டியதும், அதன் எண் முகவரி என்ன என்று போன் ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கிறது. வழியில் அமர்ந்திருக்கும் கருவி அந்தக் கேள்வியை ஒட்டுக்கேட்டு, உண்மையான பதில் வந்து சேர்வதற்குள் பொய்யான ஒரு முகவரியை முந்திக்கொண்டு கொடுத்துவிடுகிறது. முதலில் வந்த பதிலை நம்பும் போன், ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. முகவரி சரியாகவே கிடைத்துப் பேச்சு தொடங்கிவிட்டாலும், இடையில் விலக்கப்பட்ட சொல் ஒன்று தென்பட்டால், அந்தக் கருவி இரு பக்கமும் குரலை மாற்றிப் பேசுகிறது: இவரிடம் அவர் போனை வைத்துவிட்டார் என்றும், அவரிடம் இவர் வைத்துவிட்டார் என்றும் சொல்லி இருவரையும் பிரித்துவிடுகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் இதைச் சோதித்துப் பார்த்தபோது வேடிக்கையான ஒன்று தெரியவந்தது. போனை வைத்துவிட்டார் என்ற அந்தப் பொய்ச் செய்தியை இரு பக்கமும் பொருட்படுத்தாமல் விட்டால், பேச்சு அறுபடாமல் தொடர்கிறது. சுவர் என்று பெயர் பெற்ற ஒன்று, அன்றைக்கு உண்மையில் கோள்மூட்டுபவராகவே இருந்திருக்கிறது. அதன் பிறகு அது வெகுவாகத் தேறிவிட்டது. எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதையே மறைத்துச் செல்லும் புதிய இணைப்பு முறையை 2020 ஜூலை இறுதியிலிருந்து அது மொத்தமாகவே வெட்டத் தொடங்கியது.

அந்தக் கருவிக்கும் சறுக்கல் உண்டு. 2014 ஜனவரி 21 அன்று சீனாவில் பல கோடிப் பேரின் இணையம் சில மணி நேரம் தடுமாறியது. அவர்கள் கேட்ட தளங்களுக்கெல்லாம் ஒரே முகவரி பதிலாக வந்தது. அது, சுவர் தாண்டும் மென்பொருள் தயாரிக்கும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் முகவரி. தடுக்க வேண்டிய வாசலுக்கே காவல்காரர் ஊரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்பதே அன்று பல வல்லுநர்கள் ஊகித்த காரணம்.

சுவர் தாண்டுதல் என்பது என் சொல்லன்று. விபிஎன், அதாவது நம் இணைப்பை மறைத்து வேறொரு நாட்டு வழியாகக் கொண்டுபோகும் மென்பொருள், போட்டு வெளியுலகத் தளங்களைப் பார்ப்பதைச் சீனர்கள் ஃபான்சியாங் என்கிறார்கள்; சுவரேறிக் குதிப்பது என்று பொருள். பெருஞ்சுவர் என்ற உவமை அங்கே இணையத்தோடு சேர்ந்தே பிறந்தது. 1987 செப்டம்பரில் சீனாவிலிருந்து ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ பல்கலைக்கழகத்துக்குச் சென்ற மின்னஞ்சல், பெருஞ்சுவரைத் தாண்டி உலகின் எந்த மூலையையும் எட்டலாம் என்று பெருமிதத்தோடு சொன்னது. இணையச் சுவரின் தந்தை என்று அழைக்கப்படும் ஃபாங் பின்சிங், 2010 டிசம்பரில் வெய்போ என்ற சீனச் சமூக ஊடகத் தளத்தில் கணக்குத் தொடங்கி, வந்து குவிந்த வசவுகளைத் தாங்காமல் சில நாள்களிலேயே மூடிவிட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் வூஹான் பல்கலைக்கழகத்துக்கு அவர் வந்தபோது ஒரு மாணவர் அவர்மீது செருப்பை வீசினார். அதே ஃபாங் பின்சிங் 2016-இல் ஹார்பினில் ஓர் உரையின் நடுவே தென்கொரியத் தளம் ஒன்றைக் காட்ட முயன்று, சுவர் மறித்ததால், கூட்டத்தின் முன்னிலையிலேயே விபிஎன் போட வேண்டியதாயிற்று.

அண்ணன் சொன்ன வேறு வழி இந்த விபிஎன்தான். ஊரிலேயே போட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னதற்கும் காரணம் உண்டு. விபிஎன் நிறுவனங்களின் தளங்களும் அங்கே அடைபட்டவை; ஆப்பிள் தன் சீனக் கடையிலிருந்து அந்தச் செயலிகளை 2017 ஜூலையில் எடுத்துவிட்டது; ஆண்ட்ராய்டு போனுக்கோ கூகுளின் கடையே திறக்காது. ஆற்றைக் கடந்தவருக்குத்தான் ஓடம் கிடைக்கும் என்பதுபோன்ற ஏற்பாடு. அந்தப் பயணம் முழுவதையும், வாட்ஸ்அப் போன்ற சீனச் செயலியான வீசாட்டிலேயே ஓட்டினேன். எங்களுக்குச் சீல் அனுப்பும் நிறுவனத்தின் ஏற்றுமதிப் பிரிவைப் பார்த்துக்கொண்ட இளம்பெண் அதை என் போனில் ஏற்றிக் கொடுத்தார். சாதாரண அழைப்பில் மகளுக்குச் சொல்லி, வீட்டிலும் அதைப் போடச் செய்தேன். அதன் பிறகு குரல், படம், விலைப்பட்டியல், சாம்பிள் புகைப்படம் எல்லாம் தடையின்றிப் போய்வந்தன. கூகுள் இல்லாத குறையை மூன்றாம் நாளே மறந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கண்காட்சி முடிந்து செஜியாங் மாகாணத்தின் வென்லிங்குக்குப் போனோம். பம்ப் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. தெருவெங்கும் வார்ப்பிரும்பு வாடை; கோவை கணபதிப் பகுதியில் நிற்பதுபோல் இருந்தது. இரவு உணவின்போது அந்தப் பெண்ணிடம், ஃபேஸ்புக் இல்லாமல் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். அதில் என்ன செய்வீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். குடும்பப் படங்களைப் போடுவேன், நண்பர்களின் பிறந்தநாளுக்கு வாழ்த்துவேன், சில சமயம் அரசியல் பேசிச் சண்டை போடுவேன் என்றேன். முதல் இரண்டையும் தாம் வீசாட்டில் செய்வதாகச் சொல்லி, தம் குழந்தையின் படங்களைக் காட்டினார். மூன்றாவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் விமானம் ஏறிவிடுவேன், அவர் அங்கேயே இருக்க வேண்டியவர்.

இதை அச்சம் என்று மட்டும் எழுதிவிட்டால் பாதி உண்மைதான் எழுதியதாகும். பெய்ஜிங்கில் ஏறத்தாழ 1,800 கல்லூரி மாணவர்களை வைத்து ஒன்றரை ஆண்டு நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2019-இல் வெளிவந்தது. சுவர் தாண்டும் கருவியை இலவசமாகக் கொடுத்தும் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைப் பயன்படுத்தவே இல்லை; பயன்படுத்தியவர்களிலும் பெரும்பாலோர் வெளிநாட்டுச் செய்தித் தளங்களின் பக்கம் போகவில்லை. சில மாதங்கள் அவர்களை ஊக்கப்படுத்திப் படிக்க வைத்த பிறகுதான் பழக்கம் ஏற்பட்டது. ஏற்பட்ட பழக்கம் நிலைத்தது. வாசல் மூடியிருக்கும் காலம் நீண்டால், வாசல் இருந்த இடமே மறந்துபோகும் போலும். எனக்கு அதற்கு மூன்று நாள் போதுமானதாக இருந்தது.

அங்கே அரசைக் குறை சொல்லவே முடியாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஹார்வர்டு ஆய்வாளர்கள் சீனச் சமூக ஊடகப் பதிவுகள் பல லட்சத்தை அவை நீக்கப்படுவதற்கு முன்பே சேகரித்து 2013-இல் வெளியிட்ட கட்டுரை வேறு விதமாகச் சொல்கிறது. அதிகாரிகளையும் கொள்கைகளையும் கடுமையாகத் திட்டும் பதிவுகள் பல தங்கிவிடுகின்றன. மக்களை ஓரிடத்தில் கூடச் செய்யக்கூடிய பதிவுகளே, அவை அரசை ஆதரித்தாலும்கூட, விரைந்து அழிக்கப்படுகின்றன. நாவைவிடக் கால்களுக்கே அங்கே அஞ்சுகிறார்கள் என்று இதைப் படித்தபோது தோன்றியது.

இதைப் படித்ததும் எனக்குச் சீனா நினைவுக்கு வரவில்லை, தூத்துக்குடிதான் வந்தது. நான் குவாங்சோவிலிருந்து திரும்பி ஐந்து வாரம் ஆகியிருக்காது. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே 22 அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். மே 23 அன்றே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாள்களுக்கு இணையத்தை நிறுத்த மாநில அரசு உத்தரவிட்டது. என் அக்காவைத் தூத்துக்குடியில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அங்கே என்ன நிலை என்று அறிய அனுப்பிய செய்திக்கு ஒற்றை டிக் விழுந்து நின்றது. இரண்டாவது டிக் ஐந்து நாள் வரவில்லை. பொறியியல் கலந்தாய்வு முதன்முறையாக முழுக்க இணையவழியில் நடந்த ஆண்டு அது. விண்ணப்பப் பதிவு நடந்துகொண்டிருந்த நேரமும் அதுதான். அக்கா மகளை அத்தான் சாத்தூர் வரை அழைத்துக்கொண்டு போய், அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு வந்தார். சீனாவில் நான் பட்ட அவதியைக் கேட்டு ஒரு மாதமாகச் சிரித்துக்கொண்டிருந்த குடும்பம்தான். அந்த ஐந்து நாளில் அக்கா வீட்டில் ஒருவர்கூட, நம் இணையத்தை யார் நிறுத்தியது, எந்த விதிப்படி நிறுத்தியது என்று கேட்கவில்லை. 2017-இல் மத்திய அரசு வகுத்த தொலைத்தொடர்புச் சேவை நிறுத்த விதிகள் என்று ஒன்று இருப்பதே எனக்கும் அப்போதுதான் தெரியவந்தது. போராடியவர்கள் கூடிவிடக் கூடாது என்பதற்காக இழுக்கப்பட்ட திரை, கல்லூரி விண்ணப்பத்தையும் சேர்த்து மூடியது.

அளவிலும் ஆழத்திலும் இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். இங்கே நான் இதைப் பெயர் போட்டு எழுதலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். இணையத்தில் எரிச்சலூட்டும்படி எழுதினாலே கைது செய்ய இடம் தந்த 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. காஷ்மீரின் நெடுங்கால இணையத் துண்டிப்பு குறித்த வழக்கில், இப்படிப்பட்ட உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2020 ஜனவரியில் சொன்னது. வென்லிங் பெண்ணுக்கு இதில் எதுவும் கிடையாது. இந்த வேறுபாட்டைச் சிறியது என்று நான் சொல்ல மாட்டேன்.

பிறகு 2020 வந்தது. லடாக் எல்லையில் இந்திய, சீன வீரர்களிடையே கல்வான் மோதல் நடந்து இரண்டு வாரம் கழித்து, ஜூன் 29 அன்று, இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக் போனதைப் பற்றி ஊரே பேசியது. அந்த டிக்டாக் சீனாவுக்குள்ளும் கிடைக்காது, அதே நிறுவனம் அங்கே வேறு பெயரில் வேறு செயலியை நடத்துகிறது என்பதை அன்று யாரும் பேசவில்லை. எனக்குப் போனது வீசாட். சில வாரங்களில் அது நின்றுவிட, இரண்டு ஆண்டு விலைப்பேச்சும் வரைபடங்களும் அதனுள்ளேயே போயின. தடைக்கு நாட்டின் பாதுகாப்பு காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தச் செயலியில் போகும் செய்திகள் சீன அரசுக்கு எட்டக்கூடியவை என்ற அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று நான் சொல்லத் துணிய மாட்டேன்.

மீண்டும் குவாங்சோவுக்குப் போனது 2024 ஏப்ரலில். நேரடி விமானம் அப்போது இல்லாததால் சிங்கப்பூர் வழியாகப் போனேன். இம்முறை ஏமாறக் கூடாது என்று நம்மூர் சிம்மில் வெளிநாட்டு ரோமிங் போட்டுக்கொண்டிருந்தேன். பாய்யுனில் இறங்கிப் போனைத் திறந்தால், விபிஎன் எதுவும் இல்லாமலேயே வாட்ஸ்அப் ஓடியது. கூகுள் வரைபடம் திறந்தது. வீட்டுக்கு அனுப்பிய வரிக்கு உடனே இரண்டு டிக் விழுந்தது. சீனா திருந்திவிட்டதோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். வாடகைக் காருக்குப் பணம் கொடுக்கும் நேரத்தில்தான் மறுபக்கம் தெரிந்தது. எல்லா இடத்திலும் கட்டணம் கியூஆர் வழியாகத்தான்; அதற்கான வீசாட் என் போனில் அசையவே இல்லை.

காரணம் எளியது, எனக்குத்தான் அது வரை தெரியாமல் இருந்தது. ரோமிங்கில் இருக்கும் போனின் தரவு பொதுவாக, நாம் நிற்கும் நாட்டின் இணையத்தில் நேரே இறங்குவதில்லை. உள்ளூர் கோபுரம் அதை வாங்கி, மூடிய குழாய் போன்ற ஒரு தடத்தில் போட்டு, சிம் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டு நிறுவனத்தின் வாசலுக்கு அனுப்பிவைக்கிறது; அங்கிருந்துதான் அது இணையத்துக்குள் நுழைகிறது. நான் கண்காட்சி நடக்கும் பாச்சோவில், முத்தாற்றின் கரையில் நின்றுகொண்டிருந்தேன். என் போனோ இந்தியாவில் நின்றது. சீனச் சுவர் என்னைத் தொடவில்லை. இந்தியத் தடை கடல் கடந்து என்னுடன் வந்திருந்தது. விடுதி வைஃபையை இயக்கினால் வாட்ஸ்அப் நிற்கும், வீசாட் ஓடும். அணைத்தால் அது நின்று இது ஓடும். அந்த ஒற்றைப் பொத்தானை விரலால் தள்ளித் தள்ளி இரண்டு நாடுகளுக்கும் இடையே நான் போய்வந்துகொண்டிருந்தேன். நான்கு ஆண்டாக வீட்டில் இருந்தபோது கண்ணில் படாத நம் வேலியை அங்கே நின்றுதான் பார்த்தேன். குளத்துக்குள் இருக்கும்போது கரை தெரியாதுதானே.

வேலை நடக்க வேண்டுமே. அடுத்த நாள் கடவுச்சீட்டைக் காட்டி, முகத்தைப் படம் பிடிக்கக் கொடுத்து, ஒரு சீன சிம் வாங்கினேன். அந்த எண்ணில் புதிதாக ஒரு வீசாட் கணக்குத் தொடங்கினேன். சரிபார்ப்புக்கு ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் வேண்டும். பழைய ஏற்றுமதிப் பெண், இப்போது மேலாளர், தம் போனால் வருடிச் சரிசெய்து கொடுத்தார். இரட்டை சிம் போனில் ஒரு துளையில் இந்தியா, மறு துளையில் சீனா. அன்றைக்குப் பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

டொரொன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் என்ற ஆய்வுக்கூடம் 2016-இல் கண்டறிந்த ஒன்றை ஊர் திரும்பிய பிறகுதான் படித்தேன். வீசாட்டில் சொல் வடிகட்டல் எல்லாருக்கும் ஒரேபோல் இல்லை. சீன எண்ணில் தொடங்கிய கணக்குகளுக்கே அது விதிக்கப்படுகிறது. அந்தக் கணக்குக்காரர் பிறகு வெளிநாட்டு எண்ணுக்கு மாறினாலும் அது கூடவே தொடர்கிறது. விலக்கப்பட்ட சொற்கள் கொண்ட செய்தி போய்ச் சேராது; போகவில்லை என்று அனுப்பியவருக்குச் சொல்லப்படுவதும் இல்லை. ஆக, மெல்போர்னில் படிக்கும் சீன மாணவரின் கணக்கில் பெய்ஜிங்கின் வேலி இருக்கிறது. குவாங்சோவில் நின்ற என் சிம்மில் டெல்லியின் வேலி இருந்தது. அதன்மேல், சாமர்த்தியமாக நானே கையெழுத்திட்டு வாங்கிய இன்னொரு வேலியும் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. வேலி நிலத்தில் நடப்பட்டது, எல்லையைத் தாண்டினால் அதைத் தாண்டிவிடலாம் என்ற எண்ணம், கம்பிவேலிக் காலத்து எண்ணம்.

வானொலி நாள்களில் அது ஓரளவு உண்மையாகவும் இருந்தது. சீன வானொலி 1963 முதல் தமிழில் ஒலிபரப்பி வந்தது; சிற்றலையில் கேட்டு, கடிதம் எழுதிப் போட்டு, நாட்காட்டிகளைப் பரிசாகப் பெற்றவர்கள் எங்கள் ஊர்ப்பக்கமும் உண்டு. 1962 போர் முடிந்த சூடு ஆறாத காலத்தில் தொடங்கியும்கூட, பெய்ஜிங்கின் தமிழ்க்குரல் எங்கள் திண்ணைக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

போனுக்கு உள்ள வேலியைப் பேசுகிறவர்கள் ஆளுக்கு உள்ள வேலியைச் சில சமயம் விட்டுவிடுகிறார்கள். கிர்கிஸ்தானிலிருந்து தரைவழியாக ஷின்ஜியாங்குக்குள் நுழைந்த பயணிகளின் ஆண்ட்ராய்டு போன்களில் எல்லைக் காவலர்கள் ஒரு செயலியை ஏற்றியது 2019-இல் பல நாட்டுச் செய்தியாளர்கள் சேர்ந்து நடத்திய புலனாய்வில் தெரியவந்தது. தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் திரட்டிய அந்தச் செயலி, 70,000-க்கும் மேற்பட்ட கோப்புகளின் பட்டியல் ஒன்றோடு போனை ஒப்பிட்டுப் பார்த்தது. பட்டியலில் தீவிரவாத இயக்கங்களின் வெளியீடுகள் இருந்தன. கூடவே தலாய் லாமா தொடர்பான கோப்புகளும், ஒரு ஜப்பானிய இசைக்குழுவின் பாடலும் இருந்தன. ஹாங்காங்கில் 2020 ஜூன் 30 அன்று நடைமுறைக்கு வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு, ஹாங்காங்குக்கு வெளியே, அங்கே வசிக்காதவர் செய்யும் செயலுக்கும் பொருந்தும் என்கிறது. ஜப்பானில் படித்துக்கொண்டிருந்த ஹாங்காங் மாணவி ஒருவர், அடையாள அட்டையைப் புதுப்பிக்க 2023-இல் ஊருக்கு வந்தபோது கைது செய்யப்பட்டு, பழைய தேசத்துரோகச் சட்டத்தின் கீழ் இரண்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். குற்றமாகக் காட்டப்பட்ட பதிவுகளில் பெரும்பாலானவை ஜப்பானில் இருந்தபோது எழுதியவை. எழுதும்போது எந்த நாட்டில் இருந்தோம் என்பது அந்த வழக்கில் அவருக்கு உதவவில்லை.

எனக்கு அப்படியெல்லாம் எதுவும் நேரவில்லை. சீல் வாங்கப் போனவனை யார் என்ன கேட்கப் போகிறார்கள். நேர்ந்தது வேறு. கண்காட்சியின் மூன்றாம் நாள் மாலை, பொம்மைக்கடை ஒன்றின் வாசலில் பெரிய மஞ்சள் கரடி பொம்மை ஒன்றைப் பார்த்தேன். அந்தக் கரடியைச் சீன அதிபரோடு ஒப்பிட்டு ஒரு கேலி உலகமெங்கும் உலவியதும், அங்கே அது அழிக்கப்பட்டதும் பலருக்கும் தெரிந்த கதைதான். படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட ஒரு வரி தட்டினேன். இந்திய சிம்மில்தான் இருந்தேன், செய்தி பூட்டிய உறைக்குள் போவதுதான், தமிழில்தான் எழுதியிருந்தேன். ஆனாலும் அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரல் நின்றது. வரியை அழித்தேன், படத்தையும் அழித்தேன், அழித்தவை தங்கும் கோப்புறைக்குள் போய் அங்கிருந்தும் அழித்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. அந்த விரலை அதற்கு முன்பே எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தொழில் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஜிஎஸ்டியைப் பற்றியோ உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரைப் பற்றியோ எழுத எடுத்து, பிறகு எதற்கு வம்பு என்று அழித்துவிட்டு, கும்பிடும் கைகளை மட்டும் அனுப்பிவைப்பதும் அதே விரல்தான்.

திரும்பும் வழியில் சிங்கப்பூர் சாங்கியில் நான்கு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. பொய்த் தகவல் என்று அமைச்சர் முடிவு செய்தால் திருத்தம் போடச் சொல்லும் சட்டத்தை 2019-இல் இயற்றிய நாடு அது. அதையும் கட்டற்ற வெளி என்று சொல்ல முடியாது. ஆனாலும் விமான நிலையத்து வைஃபையில் என் போனில் எல்லாமே ஒரே நேரத்தில் திறந்தன. ஒரு பக்கம் வாட்ஸ்அப்பில் மகளோடு பேசிக்கொண்டே, மறுபக்கம் வீசாட்டில் மேலாளர் அம்மாவிடம் 35 மில்லிமீட்டர் தண்டுக்கான சீலின் வரைபடத்தில் ஓர் அளவுத் திருத்தம் கேட்டேன். மாற்றி அனுப்புகிறேன் என்றார். அவர் அனுப்பியது, நான் விமானம் ஏற வரிசையில் நின்றபோது வந்திருக்க வேண்டும்.

கோவையில் இறங்கி வீட்டு வைஃபையில் வீசாட்டைத் திறந்தபோது, வரைபடம் மங்கலான சிறு சதுரமாக நின்றது. தொட்டால் சுற்றிக்கொண்டே இருந்தது. மகள் எட்டிப் பார்த்து, "போன்ல கோளாறாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மறுநாள் மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, அதை வாங்கிக்கொண்டேன்.